ஒரு திங்கள் பொறுமை

திருமறையின் 'அந்நம்ல்' அத்தியாயத்தை ஓதுவோர் எவரும் ஹுத்ஹுத் என்னும் பறவையை மறந்திருக்க மாட்டார். நபி ஸுலைமான் (அலை) அவர்கள் தம் பறவைப் படையைப் பார்வையிட்ட பொழுது அஃது அங்கில்லை. தக்க காரணம் கூறாவிடின் தண்டனை உண்டு என அறிவித்தார்கள். சற்றைக்கெல்லாம் அது வந்து சேர்ந்தது. மன்னர் அறியாத ஒன்றைத் தான் அறிந்து வந்திருப்பதாகவும், ஸபா நாட்டிலிருந்து உறுதியான செய்தி கொணர்ந்திருப்பதாகவும் சொல்லிற்று. ஸுலைமான் (அலை) அவர்கள் அச்சொல்லை உடனே ஏற்றுக்கொள்ளவுமில்லை; தள்ளிவிடவுமில்லை. உண்மையா பொய்யா என்று ஆராயத் தலைப்பட்டார்கள்.

ஒருவர் நேரிற் சென்று கண்டு சொல்லுதல். கேட்பவர் அதனைச் சோதித்துத் தெளிதல். இயற்கை அறிவியல் முழுவதும் இவ்விரண்டு தூண்களின்மீதே நிற்கிறது. பறவையொன்று பாடம் புகட்டிய இந்த வரலாறு நம் இல்லங்களில் நாள்தோறும் ஓதப்படுகிறது. ஆனால் அந்தப் பறவை எது என்று கேட்டால், நம்மவருள் பலர் 'மரங்கொத்தி' என்றே விடை பகர்கின்றனர்! ஓதுகின்ற வசனத்திலுள்ள பறவையையே அடையாளம் காணாதவர்களாகி விட்டோம் என்பது சிந்தித்துப் பார்க்கத் தக்கது.

இரு பறவைகள்

ஹுத்ஹுத் என்பது தமிழில் கொண்டலாத்தி எனப்படுவது. விசிறி போல் விரிந்து மடங்கும் கொண்டையும், இளஞ்சிவப்புக் கலந்த பழுப்பு உடலும், சிறகில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளும் உடையது. தரையில் நடந்து, நீண்டு வளைந்த அலகால் மண்ணைத் துழாவிப் புழு பூச்சிகளைத் தின்னும். மரத்தைத் துளைக்கும் வலிமை அதன் அலகுக்கு இல்லை.

மரங்கொத்தியோ வேறு குடும்பம். அரபியர் அதனை 'நக்காருல் கஷப்' என்பர்; மரத்தைக் கொத்துவது என்பதே அதன் பொருள். தமிழில் 'தச்சன் குருவி' என்ற பெயரும் உண்டு. சிதம்பரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, லால்பேட்டை வட்டாரத்துத் தென்னந்தோப்புகளில் நாம் காண்பது பொன்முதுகு மரங்கொத்தி. முதுகு பொன்னிறம், தொண்டை கறுப்பில் வெண்புள்ளி, ஆணின் உச்சி முழுவதும் செந்நிறம், பெண்ணுக்கு முன்னுச்சி கறுப்பாக வெண்புள்ளியோடும், பின்கொண்டை மட்டும் சிவப்பாகவும் இருக்கும். உரத்த குரலில் சிரிப்பதுபோல் ஒலித்துக்கொண்டு, அலைபோல் எழுந்தும் தாழ்ந்தும் பறந்து சென்று மரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இவ்விரண்டையும் மக்கள் ஒன்றாக எண்ணியதற்கு ஒரு காரணம் கூறலாம். இரண்டுக்கும் கொண்டை உண்டு. இரண்டும் பொந்தில் குஞ்சு பொரிப்பவை. ஆனால் மரங்கொத்தி தன் பொந்தைத் தானே குடைந்து கொள்ளும். கொண்டலாத்தி ஆயத்தமாகக் கிடைக்கும் சுவர்ப் பொந்தையோ மரப் பொந்தையோ நாடும். மரங்கொத்தி விட்டுச் சென்ற பழைய பொந்தும் அதற்கு வீடாவதுண்டு. ஆகத் திருமறை போற்றும் பறவை, நம் தச்சன் குருவியின் குடித்தனக்காரராக இருத்தல் கூடும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கொல்லலாகாது எனத் தடுத்த நான்கு உயிர்களுள் எறும்பும் தேனீயும் ஹுத்ஹுதும் இடம்பெற்றிருப்பதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு கூறுகிறது. பயணமொன்றில் தோழர் சிலர் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததையும், அதனை வருந்தச் செய்தவர் யார் என வினவிய நாயகம் (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பித் தருமாறு பணித்ததையும் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். கூட்டின்முன் மனிதன் எவ்வாறு நிற்கவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான வழிகாட்டல் வேண்டுமோ?

பேரரசர் எழுதிய குறிப்பு

கூட்டைக் கலைக்காமல் அதன் அருகிருந்து நாள்தோறும் குறிப்பெழுதும் வழக்கத்தை மேலைநாட்டார் கொணர்ந்த புதுமை என்று எண்ணுவோர் பலர். இந்திய மண்ணில் அதற்கு மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றை விட்டுச் சென்றவர் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர். அவருடைய இயற்பெயர் ஸலீம்.

ஏறத்தாழ ஒரு மாதக் குஞ்சுகளாய்ப் பிடிக்கப்பட்ட சாரஸ் கொக்கு இணையொன்று அவரிடம் ஐந்தாண்டுகள் வளர்ந்தது. அவற்றுக்கு லைலா, மஜ்னூன் எனப் பெயர். 1618ஆம் ஆண்டில், பேரரசர் குஜராத்தில் இருந்த காலத்தில், அவை கூடி முட்டையிட்டன. அன்றிலிருந்து அவை செய்ததனைத்தும் அவருடைய 'துஸுகே ஜஹாங்கீரி' நூலில் பதிவாயிற்று. இரவு முழுவதும் பெண்பறவை அடைகாக்க, ஆண் அருகில் நின்று காவல் புரிந்ததும், பொழுது புலர்ந்ததும் ஆண் வந்து அலகால் தொட, பெண் எழுந்து இடங்கொடுத்ததும், குஞ்சு வெளிவர ஏறத்தாழ 34 நாள் ஆனதும் அதில் உள்ளன. பேரரசு ஒன்றின் அலுவல்களுக்கிடையே கொக்கு அடைகாக்கும் நாட்களை ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார்!

இதே ஜஹாங்கீர் பெரும் வேட்டைக்காரர். தாம் கொன்ற விலங்கு பறவைகளின் கணக்கையும் அதே நூலில் பதிந்துள்ளார். அவர் கையால் வீழ்ந்தவை மட்டும் பதினேழாயிரத்துக்கும் மேல். கொன்ற கணக்கும் காத்திருந்த கணக்கும் ஒரே ஏட்டில் உள்ளன. பிற்காலத்தார்க்குப் பயன்பட்டது இரண்டாவது கணக்கே.

முட்டை திரட்டிய காலம்

கம்பெனி ஆட்சியில் பறவையியலுக்குச் சென்னை ஒரு தொட்டில் எனலாம். 1836இல் சென்னை மாகாணப் பணிக்கு வந்த மருத்துவர் ஜெர்டன், தென்னிந்தியப் பறவைகளைத் தொகுத்துச் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் 1839 முதல் வெளியிட்டார். அவருடைய 'இந்தியப் பறவைகள்' என்னும் பெருநூல் 1862 முதல் 1864 வரை வெளிவந்தது. பறவைகளுக்கு நாட்டு மக்கள் வழங்கிய பெயர்களையும் அவர் கேட்டெழுதினார்.

அடுத்து வந்தவர் ஆலன் அக்டேவியன் ஹியூம். 1885இல் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமானவர் என்றே நாம் அவரை அறிவோம். இந்தியப் பறவைகளின் கூடுகளும் முட்டைகளும் பற்றி 1873இல் நூல் வெளியிட்டவரும் அவரே. நாடெங்கும் இருந்த அதிகாரிகள் அவருக்குக் குறிப்புகளையும், உடன் பறவைத் தோல்களையும் முட்டைகளையும் அனுப்பினர். 1885இல் அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த திரட்டில் முக்கால் இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் இருந்தன.

அவர்களுடைய உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எந்தப் பறவை எந்தத் திங்களில், எந்த மரத்தில், எத்தனை முட்டையிடும் என்பதை அறிந்தது அவர்களால்தான். ஆயினும் மரங்கொத்தியின் பொந்தை உளியால் பிளந்து முட்டையை எடுத்தவர், அந்தப் பொந்தில் அடுத்த நாள் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை அறிய வழியில்லை. ஒரு வாழ்க்கையின் முதற் பக்கத்தைக் கிழித்தெடுத்துப் பேழையில் வைத்தார்கள். எஞ்சிய பக்கங்கள் படிக்கப்படாமலே போயின.

ஒரு பம்பாய்ச் சிறுவன்

அப்பக்கங்களைப் படிக்கக் கற்றுத் தந்தவர் ஸாலிம் அலி அவர்கள். 1896 நவம்பர் 12இல் பம்பாயில் ஒரு ஸுலைமானி போரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, மழலைப் பருவத்திலேயே தாய் தந்தையரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தவர். சிறுவனாக இருக்கையில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டை வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் தீற்றல் ஒன்று இருந்தது. இது வழக்கமான ஊர்க்குருவி அன்றே, முஸ்லிமுக்கு இதன் இறைச்சி ஆகுமா என்ற ஐயம் எழுந்தது. மாமனிடம் கேட்டார்; அவரோ பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டிடம் அனுப்பினார். மில்லர்டு அதனை மஞ்சள்தொண்டைச் சிட்டு என அடையாளம் சொல்லி, அலமாரி அலமாரியாய் இருந்த பறவைத் திரட்டைத் திறந்து காட்டினார். ஹலாலா ஹராமா எனக் கேட்கப் போன சிறுவன், பறவையியல் என்னும் பெருவெளியில் கால் வைத்துத் திரும்பினான். மார்க்க ஐயம் ஒன்று அறிவியலுக்கு வாயிலாக அமைந்த நிகழ்ச்சி இது.

அவர் முதன்முதல் எழுதிவைத்த குறிப்பும் கூட்டைப் பற்றியதே. லாயச் சுவரில் மர முளை விழுந்த துளையொன்றில் பெண்சிட்டு அடைகாக்க, வெளியே ஆண் காவலிருந்தது. மறைந்திருந்த சிறுவன் ஆணைச் சுட்டான். விரைவிலேயே வேறோர் ஆண் அவ்விடம் வந்தது. ஏழு நாட்களில் எட்டு ஆண்களைச் சுட்டும் அப்பெண்ணுக்குப் புதிய துணை வந்துகொண்டே இருந்தது என்று எழுதிவைத்தார். 1985இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் இதனை அவர் மறைக்கவில்லை. அந்நூலுக்கே சிட்டின் வீழ்ச்சி எனப் பொருள்படப் பெயரிட்டார்.

1930இல் அவர் கண்ட காட்சி வேறு. ஜெர்மனியில் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்று திரும்பிய நிலையில், பம்பாயில் பணியில்லை. மனைவி தஹ்மினாவுடன் கீஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கினார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஏணியொன்றின் உச்சியில் துணி மறைப்பு அமைத்து, மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்தார். இம்முறை துப்பாக்கி பேசவில்லை. ஏடும் எழுதுகோலும் பேசின. ஆண்பறவை பாதிக்கூடு கட்டி நிறுத்துவதும், பெண் வந்து சோதித்துப் பார்த்து ஏற்பதும், ஏற்றபின்னரே ஆண் கூட்டை முடிப்பதும், பின்னர் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறு துணை தேடுவதும் அப்பொழுதுதான் வெளிப்பட்டன. 1931இல் வெளியான அக்கட்டுரை, சாதாரணமாய் எவர் கண்ணிலும் படும் ஒரு குருவியிடம் எவரும் அறியாத வாழ்க்கை உண்டென்பதை மெய்ப்பித்தது.

ஸாலிம் அலி அவர்கள் 1920களின் இறுதியில் முகலாயப் பேரரசர்களை இயற்கையியலராகக் கண்டு கட்டுரைத் தொடரொன்றும் எழுதினார். ஜஹாங்கீரின் வழித்தோன்றலாக அவர் தம்மை எண்ணினாரோ இல்லையோ, அவ்வரிசையில் அவரை வைத்துப் பார்ப்பதில் நமக்குத் தயக்கமில்லை. 1941இல் 'இந்தியப் பறவைகள்' நூலும், டில்லன் ரிப்ளியுடன் இணைந்து 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளும் தந்து, 1987இல் அன்னார் மறைந்தார்.

தென்னையில் ஒரு வாயில்

இனி நம் தோப்புக்கு வருவோம். தை கழிந்து மாசி பிறக்கும் காலத்தில் பொன்முதுகு மரங்கொத்தி கூடு குடையத் தொடங்கும். ஆடி வரையிலும் அதன் இனப்பெருக்கக் காலம் நீளும். முதல் அடையாளம் மரத்தடியில் சிதறிக் கிடக்கும் மரத்துகள். நிமிர்ந்து பார்த்தால் தண்டில் வட்டமான ஒரு வாயில் தென்படும்.

தென்னையை அது விரும்புவது ஏன்? வேம்பு, புளி போன்ற மரங்களுக்கு உள்வயிரம் உண்டு; நடுப்பகுதியே கடினம். தென்னைக்கும் பனைக்கும் நிலைமை தலைகீழ். வெளிப்புறமே உறுதி, உள்ளே மென்மையான சோறு. மேலோட்டைக் கடந்துவிட்டால் உள்ளே அறை அமைப்பது எளிது. பட்டுப்போன மரமாயின் இன்னும் எளிது. ஆணும் பெண்ணும் மாறி மாறி உழைக்கும். வாயிலிலிருந்து உள்நோக்கிச் சென்று, பின் கீழ்நோக்கி இறங்கும் அந்த அறையில் மெத்தை கிடையாது; அடியில் தங்கிய மரத்துகளே விரிப்பு. அதன்மேல் பெரும்பாலும் மூன்று முட்டைகள். பளபளக்கும் தூய வெண்மை. இருட்டறைக்குள் இடப்படும் முட்டைக்கு மறைவு தரும் நிறமும் புள்ளியும் வேண்டுவதில்லை.

அடைகாக்கும் பணியையும் இருவரும் பகிர்ந்துகொள்கின்றனர். மரங்கொத்திக் குடும்பத்தில் பெரும்பாலான இனங்களில் இரவுக்காவல் ஆணினுடையது. பொழுது சாய்ந்ததும் உள்ளே செல்வது தந்தையே. ஏறத்தாழ பதினோரு நாளில் குஞ்சு பொரிக்கும். பின்னர் இருபது நாள்வரை இருவரும் உணவு சுமப்பர். எறும்புகளும் அவற்றின் புழுக்களுமே தலையாய உணவு. குஞ்சுகள் வளர வளரப் பொந்திலிருந்து ஓயாத இரைச்சல் கேட்கும். தாய் தந்தையின் நகம் தண்டில் உராய்ந்த மாத்திரத்தில் அது பன்மடங்காகும்.

உடலமைப்பும் அதற்கேற்றதே. விரல்கள் முன்னும் பின்னுமாய்ப் பிரிந்து தண்டைப் பற்றும். விறைத்த வால் இறகுகள் முட்டுக்கொடுக்கும். மண்டையோட்டைச் சுற்றிச் செல்லும் எலும்பின் துணையால் நாக்கு அலகுக்கு வெளியே நெடுந்தூரம் நீளும். இத்தனை ஓங்கிக் கொத்தியும் மூளை கலங்காதது எவ்வாறு என்ற வினாவுக்கு, மண்டையோடு பஞ்சுபோல் அதிர்ச்சியை உறிஞ்சுகிறது என்றே நெடுங்காலம் விடை கூறினர். மரங்கொத்திகள் கொத்துவதை அதிவேகப் படங்களில் எடுத்து ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு அதனை மறுத்தது. அதன் தலை இறுகிய சுத்தியல் போன்றே இயங்குகிறது. மூளை மிகச் சிறியதாதலால் அந்த அதிர்ச்சி அதற்கு ஊறு செய்யும் அளவை எட்டுவதில்லை என்று கண்டனர். பாடநூலில் ஏறிய விடையையும் நேரிற் கண்டு சோதித்தால்தான் தெளியும் என்பதற்கு இதுவோர் எடுத்துக்காட்டு.

மரங்கொத்திகளையே பொருளாகக் கொண்டு பொறுமையாய் ஆராய்ந்தவர் நம் தமிழகத்திலும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் ஒன்றுசேர்ந்து வாழும் மரங்கொத்தி இனங்களைப் பற்றிய வ. சாந்தாராம் அவர்களின் முனைவர் பட்ட ஆய்வு 1995இல் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அளிக்கப்பெற்றது. கடலூருக்கு வடக்கேயுள்ள பல்கலைக்கழகம் அது. அந்த மலைக்காடுகளில் செம்பழுப்பு மரங்கொத்தி என்றோர் இனம் உண்டு. மரக்கிளையில் எறும்புகள் கட்டிய உருண்டைக் கூட்டுக்குள், எறும்புகள் குடியிருக்கும்போதே, அது துளையிட்டு முட்டையிடும். தன் உணவின் வீட்டுக்குள்ளேயே தன் வீடு! அமர்ந்து பார்த்தவர் சொல்லியிராவிடில் யார் நம்பியிருப்பர்?

நம் வட்டாரத்திலும் கல்விக்குக் குறைவில்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் எழுந்தது. அதன் கடல்வாழ் உயிரியல் ஆய்வு நிலையம் பரங்கிப்பேட்டையில் வேரூன்றியது. பிச்சாவரத்து அலையாத்திக் காடும் அங்குள்ள பறவைகளும் ஆராயப்பட்டன. சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை என்பதே ஒரு மரத்தின் பெயர்; அம்மரம் இன்றும் பிச்சாவரக் காட்டில் நிற்கிறது. மரத்தால் பெயர் பெற்ற ஊரின் மக்களுக்கு, மரத்தில் வாழ்வனவற்றை அறியும் கடமை இரட்டிப்பு.

பட்ட மரத்தின் வழக்கு

மரங்கொத்தி குடைந்த வாயில் அதற்கு மட்டுமே பயன்படுவதன்று. அது விட்டுச் சென்றபின் மைனா வரும், கிளி வரும், புள்ளி ஆந்தை வரும். ஸாலிம் அலியின் வாழ்வைத் திருப்பிய மஞ்சள்தொண்டைச் சிட்டும் இத்தகைய பழைய பொந்துகளை நாடுவதே. ஒரு தச்சன் உழைப்பில் ஒரு தெருவே குடியேறுகிறது.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த 'தானே' புயல், இம்மாவட்டத்துப் பலாவையும் முந்திரியையும் தென்னையையும் சாய்த்ததை எவரும் மறந்திரார். அத்தகைய புயலுக்குப்பின் தலையிழந்து நிற்கும் தென்னந்தண்டு நமக்கு விறகு. பறவைக்கோ குடைய எளிதான வீடு. அதனை என்றென்றைக்கும் நிறுத்தி வையுங்கள் என்று எவரும் சொல்ல இயலாது. மக்கிய தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு பெருகும். அது அண்டையிலுள்ள இளந்தென்னையைக் கெடுக்கும். தோப்பையே நம்பி வாழும் குடும்பத்தின் கவலை நியாயமானதே.

ஆயினும் வெட்டுவதற்குமுன் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கலாம் அன்றோ? அடியில் புதிய மரத்துகள் கிடக்கிறதா, வாயிலில் பறவை தலை நீட்டுகிறதா, உள்ளிருந்து இரைச்சல் கேட்கிறதா என்று நோக்கலாம். இருப்பின் வெட்டுக்கத்தியைச் சற்றே தள்ளி வைக்கலாம். அடைகாக்கும் நாள் பதினொன்று, குஞ்சு வளரும் நாள் இருபது. கூட்டினால் ஒரு திங்கள்தான். ஆண்டுதோறும் ஒரு திங்கள் பொறுமையைப் பயிலும் சமுதாயம் நாம். ஒரு மாத காலம் காத்திருப்பது நமக்குப் புதிதோ, அரிதோ அன்று.

அந்த ஒரு திங்களை வீணாக்கவும் வேண்டா. வீட்டுப் பிள்ளைகளிடம் ஓர் ஏட்டைக் கொடுங்கள். மரத்திலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி, நிழலில் அமரச் செய்யுங்கள். எப்போது வந்தது, ஆணா பெண்ணா, எத்தனை முறை உணவு கொணர்ந்தது, மாலையில் உள்ளே சென்றது யார் எனக் கண்டதை மட்டும், தேதியோடும் நேரத்தோடும் எழுதட்டும். ஏறிப் பார்த்தலும் கை விடுதலும் கூடாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதுவதும் கூடாது. கண்டதைக் கண்டபடி உரைத்தலும் அமானிதமே.

நபி ஸுலைமான் (அலை) அவர்களின் திருச்சபைக்கு அன்று ஒரு பறவை உறுதியான செய்தி கொண்டு வந்தது. பறவைகளைப் பற்றி உறுதியான செய்தி கொண்டுவர வேண்டிய முறை இன்று நம்முடையது. அதற்கு வேண்டுவது கூட்டைக் கலைக்காத கண்களும், ஒரு திங்கள் பொறுமையுமே. அவ்விரண்டையும் நம் பிள்ளைகளுக்கு வல்ல அல்லாஹ் அருள்வானாக!